பலாலிக்கும் மீனம்பாக்கத்துக்கும் எவ்வளவு தூரம்?

பூகோள பாடம் கற்பிக்கும் ஆசிரியர்கள் தம் மாணவருக்குக் கொடுக்கத்தக்க கணக்கொன்று உண்டு. யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையிலுள்ள பலாலி விமான நிலையம் வட அகலக்கோடு 9 பாகை 48 கலையில் அமைந்துள்ளது. சென்னையின் மீனம்பாக்கம் விமான நிலையம் 12 பாகை 59 கலையில் உள்ளது. இரண்டுமே கிழக்கு நெடுங்கோடு 80 பாகையை ஒட்டி, ஏறத்தாழ ஒரே நேர்கோட்டில், ஒன்றின் தலைக்குமேல் ஒன்றாக நிற்கின்றன. ஆகவே கடினமான கோள வடிவக் கணிதம் எதுவும் வேண்டியதில்லை; சிறியதைப் பெரியதிலிருந்து கழித்தாற் போதும். விடை 3 பாகை 11 கலை. அதாவது 191 கலை. அகலக்கோட்டில் ஒரு கலை ஒரு கடல் மைலுக்குச் சமம். கடல் மைல் என்பது 1852 மீற்றர். எனவே பலாலிக்கும் மீனம்பாக்கத்துக்கும் இடைப்பட்ட வான்வழித் தூரம் 191 கடல் மைல். சுமார் 354 கிலோமீற்றர். பழைய தரை மைற் கணக்கிற் கூறுவதானால் 220 மைல்.

அதே கணக்கைத் தெற்கு நோக்கியும் செய்து பார்க்கலாம். கொழும்பின் இரத்மலானை விமான நிலையம் 6 பாகை 49 கலையில் உள்ளது. பலாலியிலிருந்து அதற்குத் தூரம் 179 கடல் மைல்; சுமார் 332 கிலோமீற்றர். இதனால் தெரியவருவது யாது? கொழும்புக்கும் சென்னைக்கும் ஏறக்குறைய நட்டநடுவே பலாலி கிடக்கின்றது. தலைநகர் ஒரு சிறிதளவே அணித்தாக உள்ளது, அவ்வளவுதான்.

தூரத்தை இவ்வாறு கழித்தலால் அறிந்துவிடலாம். நேரத்தை அறிவது அத்துணை எளிதன்று. 1940களில் இப்பிரதேசத்திற் பறந்த டக்கோட்டா எனப்படும் டிசி-3 விமானம் மணிக்கு ஏறத்தாழ 290 கிலோமீற்றர் வேகத்திற் செல்லக்கூடியது. அந்த வேகத்தில் 354 கிலோமீற்றரைக் கடக்க ஒன்றேகால் மணிநேரத்துக்குச் சற்றுக் குறைவாக வேண்டும். 2019ஆம் ஆண்டில் இதே பாதையில் விடப்பட்ட ஏரீஆர்-72 ரக விமானம் மணிக்கு 500 கிலோமீற்றரைத் தொடவல்லது. முக்கால் மணிநேரமே அதற்குப் போதுமானது. ஆயினும் பிரயாணச் சீட்டிலே அச்சிடப்படும் நேரம் ஒருமணிக்கு மேற்பட்டதாகவே இருக்கும். சீட்டு குறிப்பது வானிற் பறக்கும் நேரத்தை மட்டுமன்று. தரிப்பிடத்திலிருந்து சக்கரம் உருளத் தொடங்குவது முதல், மறுகரையிலே சக்கரம் நின்று கதவு திறக்கப்படும் வரையுள்ள முழுநேரத்தையும் அது குறிக்கின்றது. ஓடுபாதை நோக்கி ஊர்தல், முறைக்குக் காத்திருத்தல், மேலே ஏறுதல், சென்னை போன்ற நெரிசலான நிலையத்திலே இறங்குவதற்கு அனுமதி கிடைக்கும்வரை வட்டமிடுதல் யாவும் அதனுள் அடங்கும். ஆயிரக்கணக்கான மைல் செல்லும் பயணத்திலே இவை பொருட்படுத்தத்தக்கனவல்ல. முந்நூற்றைம்பது கிலோமீற்றர்ப் பயணத்திலோ இவையே நேரத்தின் பெரும்பங்கை விழுங்கிவிடுகின்றன. ஆதலால், விமானத்தின் வேகம் ஏறத்தாழ இருமடங்காகிய பின்னரும் குடாநாட்டுப் பிரயாணிக்குக் கிடைத்த லாபம் அதிகமில்லை.

ஆனால் இவையெல்லாம் விமானம் இருந்தாற் செய்யவேண்டிய கணக்குகள். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் இவ்விரு நிலையங்களுக்கும் இடையே ஒழுங்கான பொதுமக்கள் சேவை எதுவும் இருக்கவில்லை. அந்த நாற்பதாண்டுகளில் யாழ்ப்பாணத்தான் ஒருவன் சென்னைக்குச் சென்ற வழியை அட்லசை விரித்துவைத்துப் பாருங்கள். முதலில் அவன் தெற்கே, நானூறு கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைவான தூரத்தை, பஸ்ஸிலோ ரயிலிலோ ஓரிரவு முழுவதும் கடந்து கட்டுநாயக்காவை அடைய வேண்டும். விமானம் புறப்படுவதற்கு மூன்று மணிநேரம் முன்னதாகவே அங்கு நிற்க வேண்டும். பின்னர் வடக்கு நோக்கி 645 கிலோமீற்றர் பறக்க வேண்டும். கட்டுநாயக்காவிலிருந்து மீனம்பாக்கத்துக்கு நேர்கோடு வரைந்தால் அந்தக் கோடு எதன்மேலாகச் செல்லும் தெரியுமா? யாழ்ப்பாண நகரத்தின் மேலாகவே செல்லும். முன்னிரவில் வீட்டுப் படலையைச் சாத்திவிட்டுப் புறப்பட்டவன், மறுநாள் அரைமணிநேரப் பறப்பிலே தன்னூர் இருக்கும் அகலக்கோட்டுக்கு மீண்டும் வந்துசேர்கிறான். அங்கே இறங்க முடியாது, மேலே செல்கிறான். வாசலிலிருந்து வாசலுக்குக் கணக்கிட்டால் பதினைந்து மணிநேரத்துக்குக் குறையாது. பாதிக்கு மேற்பட்டது வந்த வழியே திரும்பிச் செல்லும் வீண் பிரயாணம்.

இந்த விசித்திரமான வழி எவ்வாறு உண்டாயிற்று என்பதற்குப் பூகோளத்திலே விடையில்லை. சரித்திரத்தைப் பார்க்க வேண்டும்.

விமானம் வருமுன்னர் பாக்கு நீரிணையைக் கடந்தவர்கள் பலவகைப்பட்டவர்கள். காங்கேசன்துறையிலிருந்தும் வல்வெட்டித்துறையிலிருந்தும் நாகபட்டினம் வரை பாய்மரத் தோணிகள் சரக்கும் ஆளும் ஏற்றிச் சென்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே கோப்பித் தோட்டங்களுக்காகத் தமிழகத்தின் வறண்ட மாவட்டங்களிலிருந்து திரட்டப்பட்ட கூலித் தொழிலாளர் மன்னார்க் கரையில் இறக்கப்பட்டு, அங்கிருந்து வடபாதைக் காடுகளினூடே மாத்தளை வரை நடத்தப்பட்டனர். காய்ச்சலும் பசியும் வழிநெடுக அவர்களைக் கொன்றன. அந்தத் தூரத்தை எந்த அட்டவணையும் நேரத்தால் அளக்கவில்லை. 1914ஆம் ஆண்டு பாம்பன் பாலம் திறக்கப்பட்டு, தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே நீராவிக் கப்பல் ஓடத் தொடங்கியபின் ‘போட் மெயில்’ வந்தது. சென்னையில் இரவு ஏறியவர் மறுநாள் பிற்பகல் தனுஷ்கோடியிலும், அதற்கடுத்த காலை கொழும்பிலும் இறங்கலாம். கனவான்கள் முதல்வகுப்பிலே சென்றார்கள். தோட்டத் தொழிலாளர் மண்டபம் முகாமிலே நாட்கணக்கில் அடைத்து வைக்கப்பட்டு, நோயில்லை என்று நிச்சயிக்கப்பட்ட பின்னரே கப்பலேற்றப்பட்டனர். பாதை ஒன்றே, பிரயாண காலம் வர்க்கத்துக்கு வர்க்கம் வேறுபட்டது.

வானத்திலும் முதற்றொடர்பு சென்னையோடுதான் ஏற்பட்டது. 1935 நவம்பர் 27ஆம் திகதி இரத்மலானையில் முதன்முதலாக இறங்கியது சென்னைப் பறக்கும் கழகத்தைச் சேர்ந்த சிறிய விமானம் ஒன்றாகும். 1938இல் டாட்டா நிறுவனத்தின் தபால் விமானம் கொழும்பு வரை நீட்டப்பட்டது. இரண்டாம் உலக யுத்தத்தின்போது பிரித்தானிய விமானப்படை பலாலியில் ஓடுபாதை அமைத்தது. செம்மண் தோட்டக்காரரின் வசதிக்காக அது அமைக்கப்படவில்லை. ஜப்பானியரை எதிர்கொள்ள ஏகாதிபத்தியத்துக்கு ஒரு தளம் வேண்டியிருந்தது. யுத்தம் முடிந்தபின் அந்த ஓடுபாதை எஞ்சிக் கிடந்தது.

1947 டிசம்பர் 10ஆம் திகதி எயர் சிலோனின் முதலாவது சேவை தொடங்கியது. சீதா தேவி என்று பெயரிடப்பட்ட டக்கோட்டா இரத்மலானையிலிருந்து புறப்பட்டு, காங்கேசன்துறை நிலையம் என அன்று வழங்கிய பலாலியில் இறங்கி, பின் சென்னைக்குச் சென்றது. நாட்டின் தேசிய விமான சேவை பறந்த முதற்பாதையே கொழும்பு–யாழ்ப்பாணம்–சென்னை என்பது இன்று பலருக்கு ஆச்சரியமாக இருக்கலாம். அட்லசைப் பார்த்தவர்களுக்கு அதில் ஆச்சரியமில்லை. இடையில் யாழ்ப்பாணத்திலே தங்கிச் செல்வதால் விமானம் தன் பாதையினின்றும் விலகவேண்டிய தேவையே இருக்கவில்லை. எண்ணெய்ச் செலவும் நேரச் செலவும் இறங்கி ஏறுவதற்கு மட்டுமே. இரண்டாயிரமாண்டுத் தொடர்புகளைப் பற்றி மேடைகளிற் பேசுவோர் அந்தப் பாதையை உணர்ச்சியின் விளைவாகக் கருதக்கூடும். எனக்கென்னவோ அதைத் தெரிந்தெடுத்தவர்கள் செய்தது நல்ல சிக்கனக் கணக்கென்றே படுகிறது.

சீதா தேவி பறந்து இரண்டு மாதம் முடிவதற்குள் நாடு சுதந்திரம் பெற்றது. அவ்வாண்டே இயற்றப்பட்ட 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தோட்டத் தொழிலாளரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1949இல் அவர்களின் வாக்குரிமையும் போயிற்று. 1949 நவம்பர் முதலாந் திகதி குடிவரவு குடியகல்வுச் சட்டம் அமுலுக்கு வந்தது. அதுவரை சந்தைக்குப் போய்வருவது போலக் கடலைக் கடந்த மீனவனும் வியாபாரியும் தொழிலாளியும் அன்றுமுதல் கடவுச்சீட்டும் விசாவும் இல்லாவிடின் குற்றவாளிகளாயினர். ‘கள்ளத்தோணி’ என்ற சொல் இந்த நாட்டின் அரசியல் அகராதிக்குள் நுழைந்ததும் இக்காலத்திலேதான். தோணி பழைய தோணியே. அதைக் கள்ளத்தோணி ஆக்கியது சட்டம். பிறகு அந்தச் சொல் தோணியிலே வராத, இந்த மண்ணிலேயே பிறந்து தேயிலைத் தூரில் உழைத்த மக்கள்மீதும் வசையாக வீசப்பட்டது.

யாழ்ப்பாணத்து மத்தியதர வர்க்கம் இந்தக் காலத்திலே டக்கோட்டாவில் ஏறிச் சென்னைக்குச் சென்றுவந்தது. சேலை வாங்கவும், வைத்தியம் பார்க்கவும், பிள்ளைகளைக் கல்லூரியிற் சேர்க்கவும், சங்கீத சபைகளிலே கச்சேரி கேட்கவும் பிரயாணங்கள் நிகழ்ந்தன. அவர்களுக்குக் கடல் ஒன்றேகால் மணிநேரமாகச் சுருங்கியிருந்தது. மலையகத்தின் நிலைமையை அவர்களிற் சிலரே சிந்தித்தார்கள் என்பதையும், பிரசாவுரிமைச் சட்டத்துக்கு ஆதரவாகக் கையுயர்த்தியவர்களுள் தமிழ்ப் பிரதிநிதிகளும் இருந்தார்கள் என்பதையும் இவ்விடத்திற் சொல்லாது விடுவது நேர்மையாகாது.

1964 ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. ஐந்தேகால் இலட்சம் பேரை இந்தியா ஏற்பது, மூன்று இலட்சம் பேருக்கு இலங்கை பிரசாவுரிமை கொடுப்பது, எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரைப் பிறகு பார்த்துக்கொள்வது என்று இரு பிரதமரும் மனிதரைப் பங்குபோட்டனர். இரண்டு மாதம் கழியுமுன், டிசம்பர் 22ஆம் திகதி இரவு வீசிய புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பிரயாணிகள் ரயில் ஒன்றும் கடலுக்குள் மறைந்தது. அதற்குப் பின் தலைமன்னாரிலிருந்து புறப்பட்ட கப்பல் இராமேஸ்வரத்துக்குச் சென்றது. மலையகத்துப் புகையிரத நிலையங்களிலே, போகிறவர்களும் நிற்கிறவர்களும் கட்டிப்பிடித்து அழுத அழுகைக்கு அளவில்லை. ‘ஒப்பாரிக் கோச்சி’ என்ற பெயர் அந்த ரயிலுக்கு வாய்த்தது. அவர்கள் மறுகரையில் இறங்கிச் சென்ற இடங்களுள் ஒன்று மண்டபம். தாத்தனைத் தடுத்து வைத்த அதே முகாம் பேரனை வரவேற்றது.

எயர் சிலோனின் முடிவைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1978 செப்டம்பர் 7ஆம் திகதி, ஜே. ஆர். ஜயவர்த்தனாவின் புதிய அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்த அதே நாளில், யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஆட்களை இறக்கிவிட்டு இரத்மலானையில் நின்ற அவ்ரோ விமானம் குண்டு வைத்துத் தகர்க்கப்பட்டது. அதையடுத்த காலத்திலே எயர் சிலோனும் மூடப்பட்டு, 1979இல் கட்டுநாயக்காவை மையமாகக் கொண்ட எயர் லங்கா தோன்றியது. சென்னைக்குச் செல்லும் வழி முழுவதும் தெற்கே குவிந்தது. 1983இன் இனப்படுகொலைக்குப் பின்னர் தலைமன்னார்க் கப்பலும் 1984இல் நின்றது. ஒழுங்கான வழிகள் யாவும் அடைபட்ட அந்த நேரத்திலேதான் நீரிணையைக் கடப்போர் தொகை பெருகிற்று. மன்னாரிலிருந்தும் குடாநாட்டிலிருந்தும் இரவிரவாகப் படகேறி இராமேஸ்வரக் கரையில் ஒதுங்கியோர், 1983 முதல் யுத்தம் முடிந்த காலம் வரை மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டோராவர்.

1987 ஜூன் 4ஆம் திகதி சில விமானங்கள் இந்தியாவிலிருந்து குடாநாட்டுக்கு வந்தன. உணவு ஏற்றிய படகுகள் முதல்நாள் கடலிலே திருப்பியனுப்பப்பட்டிருந்தன. எனவே பெங்களூரிலிருந்து சரக்கு விமானங்கள் போர்விமானங்களின் காவலோடு வந்து ஏறத்தாழ 25 தொன் பொருள்களை வானிலிருந்து வீசிச் சென்றன. இரண்டு மாதத்துக்குள் பலாலியில் இந்தியப் படைகள் இறங்கின. ஒக்டோபரில் அதே ஓடுபாதையிலிருந்து அவை யாழ்ப்பாண நகரத்தின்மீது போர்தொடுத்துப் புறப்பட்டன.

பலாலி என்றால் இன்று ஓடுபாதை நினைவுக்கு வருகிறது. அது ஓர் ஊர் என்பதை மறந்துவிடுகிறோம். வலிகாமம் வடக்கின் செம்மண் பூமி குடாநாட்டின் மிக வளமான தோட்ட நிலங்களுள் ஒன்று. வெங்காயமும் புகையிலையும் மரக்கறியும் விளைந்த மண். பக்கத்தில் மயிலிட்டி, வடக்கின் முதன்மையான மீன்பிடித் துறைகளுள் ஒன்றாக விளங்கியது. தலைமுறை தலைமுறையாக ஆசிரியர்களைப் பயிற்றிய பலாலி ஆசிரியர் கலாசாலையும் அங்கேயே இருந்தது. 1990 ஜூனில் யுத்தம் மீண்டும் மூண்டபோது இம்மக்கள் உடுத்த உடையோடு வெளியேறினர். ஊர்கள் உயர்பாதுகாப்பு வலயமாயின. ஓடுபாதைக்குப் பாதுகாப்பு வேண்டுமென்று வேலி விரிந்துகொண்டே சென்றது. யுத்தம் முடிந்து நான்கு ஆண்டுகளுக்குப் பின், 2013இல், ஆறாயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தைச் சுவீகரிக்கப் போவதாக அறிவித்தல்கள் ஒட்டப்பட்டன. உரிமையாளர் நூற்றுக்கணக்கில் நீதிமன்றஞ் சென்றனர். 2015இன் பின் துண்டு துண்டாக நிலம் விடப்பட்டது. மயிலிட்டித் துறைமுகம் 2017 ஜூலையிலேதான் திறந்துவிடப்பட்டது. முகாமிலே பிறந்து இருபத்தேழு வயதான இளைஞர்கள் அன்றுதான் தகப்பனுடைய கடற்கரையை முதன்முதலாகப் பார்த்தார்கள். முகாமுக்கும் மயிலிட்டிக்கும் இடையே இருந்தது சில மைல் தூரம்.

யுத்த காலத்துப் பிரயாணத்தைப் பற்றி ஒரு நூலே எழுதலாம். கிளாலிக் கடனீரேரியை இரவிற் படகிற் கடந்தவர்களையும், திருகோணமலையிலிருந்து கப்பலுக்குக் காத்திருந்தவர்களையும் அறியாத குடும்பம் யாழ்ப்பாணத்தில் இல்லை. 1998 செப்டம்பர் 29ஆம் திகதி பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் புறப்பட்ட லயன் எயர் விமானம் மன்னார்க் கடலில் வீழ்ந்தது. அதிலிருந்த 55 பேரும் மாண்டனர். 2002 ஏப்ரிலில் திறக்கப்பட்ட ஏ-9 பாதை 2006 ஓகஸ்டில் மீண்டும் மூடப்பட்டபோது, குடாநாட்டை விட்டு வெளியேறப் பாதுகாப்பு அனுமதி வேண்டியிருந்தது. ஒருமணிநேரப் பறப்புக்காக வாரக்கணக்காகக் காத்திருந்தவர்கள் உண்டு. அப்போது பலாலிக்கும் இரத்மலானைக்கும் இடைப்பட்ட நேரத்தை நிர்ணயித்தது விமானத்தின் வேகமா, அனுமதிப் பத்திரத்தில் விழவேண்டிய கையெழுத்தா?

2019 ஒக்டோபர் 17ஆம் திகதி பலாலி, யாழ்ப்பாண சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. நவம்பர் 11ஆம் திகதி அலயன்ஸ் எயர் நிறுவனம் சென்னையிலிருந்து வாரத்துக்கு மூன்று சேவைகளைத் தொடங்கியது. நான்கு மாதங்களில், 2020 மார்ச்சில், கொள்ளை நோயால் அது நின்றது. உலகின் ஏனைய நிலையங்கள் திறந்து நெடுநாளான பின்னரும் பலாலி மூடியே கிடந்து, 2022 டிசம்பர் 12ஆம் திகதி மறுபடி இயங்கத் தொடங்கியது. 2024 செப்டம்பரில் இண்டிகோ நிறுவனமும் சென்னைச் சேவையில் இறங்கியது. இது வரவேற்கத்தக்கதே. நோயாளியை ஓரிரவு பஸ்ஸிலே உருட்டித் தெற்கே கொண்டுசென்று, பின் வடக்கே பறக்கவிட்ட கொடுமையாவது குறைந்தது. எனினும் சீட்டின் விலையைப் பார்க்கும் தோட்டத் தொழிலாளியோ மீனவனோ அதிலே ஏறுவது எளிதன்று. 2023 ஒக்டோபர் 14ஆம் திகதி நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே ஆரம்பித்த கப்பற் சேவை சில நாட்களிலேயே நின்று, 2024 ஓகஸ்டில் வேறொரு கப்பலுடன் திரும்பவும் தொடங்கியது. நாலுமணிநேரப் பிரயாணம், ஆனால் மூட்டை முடிச்சோடு போகிறவனுக்கு உகந்தது அதுவே.

2025 மார்ச் 30ஆம் திகதி திருச்சிராப்பள்ளியிலிருந்தும் பலாலிக்கு விமானம் வந்தது. தூரம் சுமார் 185 கிலோமீற்றர். சென்னைத் தூரத்தில் ஏறத்தாழப் பாதி. திருச்சி விமான நிலையத்துக்கு அணித்தாகவே கொட்டப்பட்டு என்னும் இடத்தில் இலங்கை அகதிகள் முகாம் ஒன்றுண்டு. 1983க்குப் பின் படகேறி வந்தோரும் அவர்தம் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அங்கு வாழ்ந்து வருகின்றனர். அவர்களுள் ஒரு பகுதியினர் மலையகத் தொழிலாளரின் வழிவந்தவர்கள். பாட்டன் தமிழகத்திலிருந்து சென்றவன். 2003ஆம் ஆண்டு திருத்தப்பட்ட இந்தியக் குடியுரிமைச் சட்டத்தின்படி, உரிய பத்திரமின்றி நாட்டினுள் நுழைந்தவர் சட்டவிரோதக் குடியேறியாவார். அவருக்குக் குடியுரிமை இல்லை. அதன்பின் இந்தியாவிலே பிறந்தாலும் அவரது பிள்ளைக்கும் இல்லை. உயிரைக் காக்கப் படகில் ஓடிவந்தவனிடம் எந்தத் துறைமுகத்து முத்திரை இருக்கும்? இம்முகாமினர் உள்ளிட்ட 65 பேர் தொடுத்த வழக்கிலே, 2019 ஜூனில், சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அவர்களின் விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும்படி மத்திய அரசாங்கத்தைப் பணித்தது. அதே ஆண்டு நவம்பரிலேதான் சென்னை விமானம் பலாலிக்கு வரத் தொடங்கியது. அடுத்த மாதம், டிசம்பரில், டில்லிப் பாராளுமன்றம் குடியுரிமைச் சட்டத்தை மறுபடியும் திருத்திற்று. பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், வங்காளதேசம் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து வந்த, முஸ்லிம்களல்லாத சிறுபான்மையோருக்கு அது வழிதிறந்தது. இலங்கையின் பெயர் அந்தப் பட்டியலிற் சேர்க்கப்படவில்லை.